எட்டுப் பேர், ஒரு கேள்வி: கூடிப் பேசத் தொடங்குவோருக்கு

நாங்கள் முதன்முதலாகக் கூடியது மதுரையில், ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில். ஞாயிற்றுக்கிழமை மாலை, பதினோரு பேர். "அறம் என்றால் என்ன?" என்று தலைப்பு கொடுத்திருந்தேன். முதல் இருபது நிமிடம் ஒருவரே பேசினார். இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார். மூன்றாமவர் இரண்டு குறள் சொன்னார். அப்புறம் பேச்சு அரசியலுக்குப் போய், யார் காலத்தில் ஊழல் அதிகம் என்பதில் நின்றது. டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். வந்தவர்களில் ஐந்து பேர் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் தலைப்பே வைக்கவில்லை. "எது சரி, எது தப்பு என்று தெரியாமல் நீங்கள் திண்டாடிய ஒரு சம்பவத்தோடு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பள்ளி ஆசிரியை ஒருவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டில் எல்லோருமாகப் பேசி வைத்துக்கொண்டு அவரிடம் "அல்சர்" என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஏழு மாதம் இருந்தார். கடைசி வாரத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "ஒண்ணும் இல்லம்மா" என்றிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு எங்களைப் பார்த்து, "நான் செஞ்சது சரியா?" என்றார்.

அன்று இரவு பத்து மணி வரை பேசினோம். போன மாதம் வாய் திறக்காத ஐந்து பேரில் மூன்று பேர் பேசினார்கள்.

மனம், அறம், சமூகம் பற்றி நாலு பேரோடு உட்கார்ந்து உருப்படியாகப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வருடம் மாதாமாதம் கூடியதில் கற்றது இது. நீங்கள் தத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. நானும் படித்தவன் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நமக்கு மேடைப் பேச்சு ரத்தத்தில் ஊறியது. பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையில் வருகிறது. இந்திர விழாவுக்கு முரசறையும்போது, சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும் என்று அறிவிக்கிறார்கள். அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பட்டிமன்றத்தில் உங்கள் அணி எதுவென்று நீங்கள் பேசுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நடுவில் மனம் மாறினால் அங்கே உங்களுக்கு இடமில்லை.

கௌதமர் (புத்தர் அல்ல, வேறொருவர்) எழுதிய பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை எது என்று கண்டுபிடிக்கப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தன் தரப்பு என்று எதையும் வைக்காமல் எதிரில் இருப்பவர் சொல்வதை இடித்துத் தள்ளுவது மட்டுமே வேலையாக இருந்தால் அது விதண்டை. நாம் தினமும் வாயில் வைத்திருக்கும் "விதண்டாவாதம்" இதிலிருந்து வந்ததுதான். நீங்கள் நடத்தப்போவது முதல் வகை. முதல் கூட்டத்தில் இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுங்கள். பிற்பாடு பேச்சு தடம் மாறும்போது, "இப்போ ஜல்பத்துக்குப் போயிட்டோமோ?" என்று யாராவது கேட்டாலே போதும், சூடு தணிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. "விதண்டாவாதம் பண்ணாதீங்க" என்று ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அவர் அதற்கப்புறம் வரமாட்டார்.

ஆளும் இடமும்

ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை சரியாக இருக்கும். பத்தைத் தாண்டினால் பேசுகிறவர்கள், கேட்கிறவர்கள் என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். பாயோ நாற்காலியோ, வட்டமாக உட்காருங்கள். மைக் வேண்டாம், பேனர் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம். மொத்தம் இரண்டு மணி நேரம், நடுவில் டீ. 1992இல் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர் பாரிசில், பாஸ்டீல் சதுக்கத்தில் இருக்கும் ஒரு காபிக் கடையில் ஞாயிறு காலைகளில் இப்படித்தான் ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. உங்களுக்குக் கட்டடம் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

டீ இடைவேளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வட்டத்தில் பேசாதவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவார்கள். பெரும்பாலும் அன்றைய சிறந்த கருத்து அங்கேதான் வரும். "இதை எல்லார்கிட்டயும் சொல்லலாமா?" என்று அவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. இதை அவசரமாகத் தாண்டிப் போனவர்கள் மூன்றாவது கூட்டத்தோடு நிறுத்திவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

"மனம் என்றால் என்ன?" என்று கேட்டால் ஆளுக்கொரு அகராதி திறப்பார்கள். அதையே இப்படிக் கேளுங்கள்: "தாத்தாவுக்கு மறதி நோய். என் பெயர் தெரியவில்லை, பாட்டி இறந்தது தெரியவில்லை. ஆனால் காபியை இன்னும் அதே மாதிரி ஆற்றிக் குடிக்கிறார். இவர் அதே தாத்தாவா?" நினைவுதான் ஆளா, உடம்புதான் ஆளா, பழக்கம்தான் ஆளா என்று எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டில், ஒரு மனிதர் அதே மனிதராகத் தொடர்வது நினைவால்தான் என்று வாதிட்டார். அது தெரியாமலேயே எங்கள் வட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் அதைச் சொன்னார். இன்னொருவர், "அப்ப தாத்தா பேர்ல இருக்கிற வீடு யாரோடது?" என்று கேட்டு எல்லோரையும் நிறுத்தினார்.

"சாதி ஒழியுமா?" என்பது மேடைக்கான கேள்வி. "வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோம். அம்மா சுத்தத்துக்காக என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது வட்டத்துக்கான கேள்வி. தீண்டாமை அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவால் ஒழிக்கப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த டம்ளர் ஏன் இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது என்பதுதான் பேச வேண்டியது.

ஒரு கேள்வி தேறுமா என்று பார்க்க நான் மூன்று சோதனை வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஆள் இருக்கிறாரா? அவர் ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருக்கிறதா? நல்லவர்கள் இருவர் இதில் எதிரெதிராக முடிவெடுக்க வாய்ப்பிருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பவத்தை முழுசாகக் கேளுங்கள்

ஜெர்மனியில் லியோனார்ட் நெல்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 1922இல் கோட்டிங்கனில் ஆற்றிய உரையில், தத்துவத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, தத்துவமாக யோசிக்க வைக்கத்தான் முடியும் என்ற கருத்தை வைத்தார். அவர் மாணவர் குஸ்டாவ் ஹெக்மன் அதை நடைமுறைக்கான விதிகளாக வளர்த்தார். நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. கண்ணெதிரே இருக்கும் சம்பவத்தை விட்டு நகரக் கூடாது. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்துகொண்டே போக வேண்டும். இந்த மூன்றையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

நடைமுறையில் இப்படி: சம்பவம் சொல்கிறவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். யாரும் குறுக்கே பேசக் கூடாது. அடுத்த கால் மணி நேரம் விவரம் மட்டும் கேட்கலாம். "உங்க அம்மா அதுக்கு முன்னாடி எப்பவாவது கேட்டாங்களா?" என்பது விவரம். "நீங்க ஏன் டாக்டர்கிட்டயே விட்டிருக்கக் கூடாது?" என்பது கேள்வி வேடத்தில் வந்த அறிவுரை. இரண்டாவது வகையை அப்போதே நிறுத்துங்கள். ஆசிரியையின் கதையில் இந்தக் கால் மணி நேரத்தில்தான் ஒரு புது விவரம் வந்தது. அம்மாவிடம் மறைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது அப்பா. அப்பாவால் அம்மா அழுவதைப் பார்க்க முடியாது என்பதால். அந்த ஒரு விவரம் தெரிந்ததும் கேள்வியே வேறாகிவிட்டது: பொய் யாரைக் காப்பாற்றியது?

பேசுவதற்கு முன் எழுத வையுங்கள்

விவரம் கேட்டு முடித்ததும், ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, சரியா தப்பா, ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். அறையில் உண்மையாகச் சோதனைக்கு வந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே தப்பான கோட்டைச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன சுற்றுகளில், வந்தவர்களின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே போயின. கண்ணால் அளக்கக்கூடிய கோட்டுக்கே இந்தக் கதி என்றால், சரி தப்பு பற்றிய கேள்வியில் மூத்தவர் ஒருவர் முதலில் வாய் திறந்தால் என்ன ஆகும்? அதே சோதனையில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னாலும் கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்தது. துண்டுச் சீட்டு அந்த ஒரு ஆளை உருவாக்கித் தருகிறது. எழுதிவிட்டவருக்கு அதை வாசிக்கும் தைரியம் வரும். வயதில் சின்னவரிடமிருந்து வாசிக்க ஆரம்பியுங்கள்.

பதில் சொல்வதற்கு முன் திருப்பிச் சொல்லுங்கள்

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் ஒரு உரையில் சொன்ன விதி இது. முன்னால் பேசியவர் சொன்னதை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ளும்படி நீங்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் கருத்தைச் சொல்லலாம். கேட்க எளிது. செய்து பாருங்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாம் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்த நேரத்தில் பாதி, பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியும். முதல் மூன்று கூட்டங்களில் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பேச்சு மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

மேற்கோள் வந்தால்

அம்மாவின் கதை நடந்துகொண்டிருந்தபோது ஒருவர்,

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்"

என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வள்ளுவரே சொல்லிவிட்டார், முடிந்தது என்று அமைதி. எனக்குப் பதற்றமாகிவிட்டது. நல்லவேளை, தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர், "'புரைதீர்ந்த'ன்னு ஒரு சொல் இருக்கே, அதை விட்டுட்டோமே" என்றார். புரை என்றால் குற்றம். குற்றம் கலக்காத நன்மையைத் தந்தால்தான் பொய் மெய்யின் இடத்தில் நிற்கும். அம்மாவுக்குக் கிடைத்த நன்மையில் குற்றம் கலக்கவில்லையா? அந்தக் கடைசி வாரக் கேள்வி எதைக் காட்டுகிறது? பேச்சு மறுபடி உயிர்பெற்றது. அதன் பிறகுதான் நான், கொலைகாரன் வந்து நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதிய ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டை எடுத்து வைத்தேன். யாரும் அவர் பக்கம் போகவில்லை. ஆசிரியை மட்டும், "அம்மா கேட்டப்ப எனக்கு அவர் தேவைப்பட்டிருக்கார்" என்றார்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்கோள் சொல்லலாம், ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரபலமான தண்டவாளப் புதிரையும் இப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவர் மேல் டிராமைத் திருப்பலாமா என்று 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் எழுப்பியது அது. நல்ல கருவிதான். ஆனால் முதல் கூட்டத்திலேயே எடுத்தால் ஆட்கள் புதிர் விடுவிக்கும் மனநிலைக்குப் போய்விடுவார்கள். உண்மையான சம்பவம் ஒன்றில் சிக்கி நிற்கும்போது எடுங்கள்.

தேடினால் கிடைக்கும் பதிலைத் தேடிவிடுங்கள்

மனம் பற்றிய பேச்சில் இப்படித் தேடிப் பார்க்கக்கூடிய கேள்வி அடிக்கடி வரும். 1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ, ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவி திருமணமான கொஞ்ச நாளில் பார்வை இழந்தவர். இந்தக் கேள்வி வீட்டிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். முந்நூறு வருடம் அறிஞர்கள் பெரும்பாலும் யோசித்தே பதில் சொன்னார்கள். பவன் சின்ஹா என்ற விஞ்ஞானியின் குழு இந்தியாவில் பிறவிப் பார்வைக்குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம் சோதித்து 2011இல் வெளியிட்டது: உடனே சொல்ல முடியவில்லை, ஆனால் சில நாட்களிலேயே வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே பேச்சின் நடுவில், "இது பார்த்துத் தெரிஞ்சுக்கிற விஷயமா, யோசிச்சு முடிவு பண்ற விஷயமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகை என்றால் ஒருவர் அடுத்த மாதத்துக்குள் பார்த்துவர ஒத்துக்கொள்ளட்டும். தெரியாத தகவல் மேல் ஒரு மணி நேரம் சண்டை போட வேண்டாம்.

பெரியவர், சின்னவர்

மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் பௌத்தத் துறவி நாகசேனரை விவாதத்துக்கு அழைத்த கதை பாலி மொழியில் இருக்கிறது. அறிஞர்கள் பேசுவதுபோல் பேசுவதானால் பேசுவோம், அரசர்கள் பேசுவதுபோல் என்றால் வேண்டாம் என்கிறார் நாகசேனர். அறிஞர்கள் தங்கள் பேச்சு மறுக்கப்பட்டால் கோபப்படுவதில்லை, அரசர்கள் மறுத்தவரைத் தண்டிப்பார்கள் என்று காரணமும் சொல்கிறார்.

நம் வட்டங்களில் அரசர்கள் வேறு வடிவில் வருவார்கள்: அலுவலக மேலாளர், மாமனார், பழைய வாத்தியார். "சார்", "அண்ணா" என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது நடக்காது, தேவையும் இல்லை. மேலாளரும் அவர் கீழ் வேலை பார்ப்பவரும் ஒரே வட்டத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமாகப் பேசும் பெரியவரை, "ஐயா, நீங்க மூணு விஷயம் சொல்லிட்டீங்க, முதல் விஷயத்தை மட்டும் எடுத்துப் பேசிட்டு மறுபடி உங்ககிட்ட வர்றோமே" என்று நிறுத்தலாம். நிஜமாகவே மறுபடி அவரிடம் போங்கள். பெண்கள் இருவருக்குக் குறைவாக இருந்தால், அந்த ஒருவரை "பெண்கள் சார்பா சொல்லுங்க" என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். டம்ளர் கேள்வியை எடுத்த அன்று, வட்டத்தில் இருந்த ஓர் இளைஞரின் அம்மா வீட்டு வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் ஒரு மணி நேரம் "அவங்க", "அந்த மாதிரி ஆளுங்க" என்று பேசிக்கொண்டிருந்தோம். டீ இடைவேளையில் அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தப்பாப் பேசலைண்ணே, நான் அங்க இருக்கேன்னு யாருக்கும் தோணலை, அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து கேள்வியை மூன்று நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். வேண்டாம் என்று யாராவது தனியாகச் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றிவிடுவோம். சம்பவத்தைச் சொல்கிறவர் தன் சம்பவத்தைத்தான் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதை அல்ல. அந்த இளைஞர் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

முடிக்கும் விதம்

கை தூக்கச் சொல்லி ஓட்டெடுக்காதீர்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் இரண்டு சுற்று வையுங்கள். முதல் சுற்றில், எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்து, ஏதாவது நகர்ந்ததா என்று ஆளுக்கு ஒரு வரி. நகரவில்லை என்றாலும் சொல்லலாம். இரண்டாவது சுற்றில் பேசிய விதத்தைப் பற்றி: யார் குறுக்கே பேசினார், எங்கே அவசரப்பட்டோம். நடத்தியவரையும் சேர்த்துத்தான். அப்புறம் ஒரு நோட்டில் தேதி, கேள்வி, பதில் கிடைக்காமல் நின்ற இடம், இந்த மூன்றை மட்டும் எழுதிவையுங்கள். யார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம்.

அம்மாவின் கதை நடந்த அன்று, கடைசிச் சுற்றில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரின்னு எழுதியிருக்கேன். இப்ப தெரியலை. அடுத்த மாசம் சொல்றேன்" என்றார். அடுத்த மாதம் அதே சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து பாயை விரித்துக்கொண்டிருந்தார். தனக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மகனிடம் பேசிவிட்டாராம்.